சாஃப்ட் என்று எழுதிய சீட்டு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினேழு வருடமாக பிரெஞ்சுக் கடிதம் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சுக்கு எங்கள் பக்கத்தில் வேறு யார் சம்பளம் தருவார்கள்?

எங்கள் தொழிலில் எல்லாத் துணியும் ‘சாஃப்ட்’தான். கேட்லாக்கில் சாஃப்ட், சாம்பிள் சீட்டில் சாஃப்ட், பெட்டி மேலும் சாஃப்ட். நான் எல்லாவற்றுக்கும் ‘தூ’ என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுவந்தேன். ஆபீஸில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க முடியாத சொல். அகராதியில் முதலில் நிற்பது அதுதான். அதற்குக் கீழே பார்க்க எனக்குச் சோம்பல்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் என் மேஜையில் ஒரு சீட்டையும் ஒரு துண்டுத் துணியையும் போட்டார். செக்கிங்கில் வேலை பார்க்கும் அந்தோணியம்மாள் பிரான்ஸுக்குப் போகும் லாட்டை நிறுத்திவைத்து, ‘சாஃப்ட் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

“லேப்ல பாஸ் ஆன துணியை இவ கை ஃபெயில் ஆக்குதாம் மேடம்! சாயங்காலம் லோடு ஏத்தணும். நிறுத்துனா பார்ட்டிக்குக் காரணம் எழுதணும். மதியத்துக்குள்ள சரியான காரணம் இல்லேன்னா லோடு போகும், நாளையிலேர்ந்து அவ வேலைக்கு வர வேண்டாம்.”

துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பூப்போல இருந்தது. ‘தூ இல்லை’ என்று எழுதினால் பச்சைப் பொய். எரிச்சலோடு செக்கிங் ஹாலுக்குப் போனேன்.

“என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?”

“தடவுனா நல்லாத்தான்க்கா இருக்கும். சுண்டுவெரலை நீட்டுங்க.”

அந்தோணியம்மாள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் விரலில் துணியை மூன்று சுற்றுச் சுற்றினாள். “இப்ப மடக்குங்க.”

மடக்கினேன். துணி விரலோடு வரவில்லை, கணுவில் விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு வேறொரு லாட்டிலிருந்து ஒரு துண்டைச் சுற்றினாள். விரல் மடங்கியது. துணி இருப்பதே தெரியவில்லை.

“நெசவுல போட்ட கஞ்சி ரோலோட உள்சுத்துல அலசிப் போகலைக்கா. லேபுக்கு வெளிச்சுத்தை வெட்டிக் குடுத்துட்டாக. பெட்டியில வெந்த கைப்படம் போட்டிருக்குல்லா? வெரலை மடக்கும்போதெல்லாம் புண்ணுல உரசும். அம்புட்டுத்தான்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அகராதியில் ‘தூ’வுக்குக் கீழே ‘சூப்ல்’ என்று ஒரு சொல் உண்டு. வளைந்து கொடுக்கும் மென்மைக்கு அவர்கள் சொல்வது. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை விரலில் உணர்ந்தது அன்றுதான்.

உள்சுற்றை வெட்டிக்கொண்டு இருவரும் லேபுக்குப் போனோம். கஞ்சி இருக்கும் துணியில் அயோடின் பட்டால் நீலமாகும். மேனேஜரும் வந்து நின்றார். அந்தோணியம்மாள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு விட்டார்கள். மஞ்சளாக விழுந்த சொட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாகப் பரவியது. அந்தக் கெட்டிக்கார விரல்களைத் திரும்பிப் பார்த்தேன்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திரும்ப அலச எம்புட்டு நாளாகும்?” என்று கேட்டார், என்னிடம் இல்லை, லேபிடம் இல்லை, அவளிடம்.

“மூணு நாளு சார்.”

மெயிலில் எழுதினேன்: ‘தடவினால் தூ. ஆனால் சூப்ல் இல்லை. சுண்டுவிரலில் சுற்றி மடக்கிப் பார்த்தோம். மூன்று நாள் தாருங்கள்.’

மறுநாளே பதில் வந்தது. செக்கிங் ஹாலில் நின்று அவளுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன்: ‘தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்த்தவருக்கு எங்கள் நன்றி. எங்கள் நர்ஸுகளும் அப்படித்தான் பார்ப்பார்கள்.’

அவள் தன் விரலை ஒரு தடவை மடக்கி நீட்டினாள். “அந்த ஊர்லயும் சுண்டுவெரல்தானாக்கா?”

ஆமாம் என்றேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு துணி எப்படிப்பட்டது என்று எழுத வேண்டியிருந்தால், அகராதியைத் திறக்கும் முன் அதைத் தொட்டு வேலை செய்கிறவரிடம் போய் விரலை நீட்டுங்கள்.