இலக்கம் மாறிய குப்பி

கம்பளையில் முப்பது வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர் பளீல். எந்தக் கடைத் தேநீரையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டியில் சொன்னபோதும் நம்பவில்லை. வேறோர் ஆய்வுகூடத்திலும் அதே முடிவு வந்த பிறகே ஒப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டார்.

கட்டியை அகற்றிய நாலாம் நாள், டொக்டர் ஷஹ்மா ஒரு படிவத்தோடு வந்தார். குடலில் வாழும் கிருமிகளைப் பற்றி ஓர் ஆய்வு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் மலம் தர வேண்டும்.

பளீலுக்குச் சுருக்கென்றது. முழுவதும் எடுத்தாயிற்று என்றார்களே, பிறகு எதற்கு?

"மகள், வருத்தம் திரும்ப வந்திட்டா? மறைக்காம சொல்லுங்க."

"இல்ல அங்கிள். மருந்தும் ஒப்பரேஷனும் குடல்ல ஈக்கிற நல்ல கிருமியையும் குறைச்சிடும். வேற சிலது பெருகினா தையல் போட்ட இடம் சரியா ஆறாது. கண்ணுக்குத் தெரியாம மிஞ்சின புற்றுநோய்க் கலம் வளர அது வழி விடுமோன்னு சந்தேகம். இன்னும் நிச்சயமில்ல."

"நிச்சயமில்லாததுக்கு நானா கிடைச்சேன்?"

ஒப்பமிடாமலே வீட்டுக்குப் போனார். ஒரு வாரத்தில் மைத்துனர் ரஸீன் ஒரு மாவு டின்னுடன் வந்தார். "நல்ல கிருமி மச்சான். இதக் குடிச்சா திரும்ப வரவே வராது."

பளீல் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவிலக்கம் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. "டொக்டருக்கே தெரியாதது டின் விக்கிறவனுக்குத் தெரியுமா?" என்று சீறினார். சொன்ன பிறகு அவரே யோசனையில் ஆழ்ந்தார். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர் அந்த டொக்டர்ப் பிள்ளை ஒருத்திதான். அடுத்த கிளினிக்கில் ஒப்பமிட்டார்.

ஆனால் இரண்டாம் தடவை மலக் குப்பியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். ஒட்டியிருந்த இலக்கம் அவருடையதல்ல. தாதி முகம் சுளித்தார். ஷஹ்மா பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு பேரின் இலக்கம் மாறியிருந்தது. "பிழை எங்கட பக்கம், அங்கிள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கேட்டார். பளீல் மறுக்கவில்லை.

இரண்டு வருடம் கழிந்தது. கமரா விட்டுப் பார்த்ததில் குடல் சுத்தமாக இருந்தது.

"அப்ப நல்ல கிருமி ஈக்கிறதாலயா?"

"உங்க ஒருத்தர வெச்சுச் சொல்ல ஏலாது அங்கிள்."

கம்பளை பஸ்ஸில் மனைவி ருக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பளீல் அறிக்கையை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது நம்புங்களேன்."

"நம்புறன். அடுத்த வருஷமும் பாக்கச் சொல்லி ஈக்குது" என்றார் பளீல்.