தமிழில் கூப்பிட்டால் திரும்பாதவள்

என் ஆறு வயது மகள் தமிழில் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பள்ளியில் நாள் முழுக்கப் பர்மியப் பேச்சு. இவளும் தமிழை உதறிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். பபேடான் பேட்டையில் எங்கள் மாடியே அதிரும்படி நாலு தரம் கத்துவேன். ஐந்தாம் தரம் அவள் எதிரே போய் நின்று திட்டுவேன்.

சளி விடாமல் இருக்கவே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் பர்மியப் பெண். மகளின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், அவளுக்குப் பின்னால் போய் நின்று, மகளே என்று பர்மிய மொழியில் கூப்பிட்டார்: "தமீ." அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். பெரும்பாலும் தானே வடிந்துவிடுமாம். "காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அடுத்த மாதம் மறுபடி கூட்டி வாருங்கள், அதுவரை முகத்துக்கு நேரே பேசுங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கண்ணு" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இப்ப நான் என்னப்பா பண்ணினேன்?" என்று கேட்டாள், நல்ல தமிழில்.