பந்துப் பைத்தியத்தின் பேரில் ஒரு பாட்டுக்காரி

லாயாங் லாயாங் ரப்பர்த் தோட்டத்தில் என் பெரியப்பா பந்தாட்டப் பைத்தியம். திடலோரம் நின்று கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். அவர் இறந்ததும் கூட்டாளிகள், "இன்னொரு தொண்டையாவது உருப்படட்டும்" என்று அவர் பேரில் நிதி திரட்டி, என்னைச் சங்கீதம் படிக்க வைத்தார்கள்.

அரங்கேற்றம் தோட்டத்துக் கோயிலில். அன்றைக்கே காஹாங் தோட்டத்து அணியோடு பந்தாட்டம் என்பதை எந்தப் புத்திசாலியும் யோசிக்கவில்லை. திடலில் கூச்சல் எழும்போதெல்லாம் கூட்டம் நெளிந்தது. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை, தாளம் தப்பியது. நிதி திரட்டியவர்களில் ஒருவரான கங்காணியை எரிச்சலோடு பார்த்தேன். அவர் கண்ணும் வாசலில்தான்.

"மங்களம் பாடிடும்மா," என்று கெஞ்சினார். "ஒங்க பெரியப்பாவா இருந்தா இந்நேரம் ஓடியிருப்பாரு லா."

பாடி முடித்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஆட்டம் முடிவதற்குள் என் தொண்டையும் போயிற்று.