காலி அணைக்கு ஒரு வாச்சர்

அணைக்கட்டு வாச்சர் வேலை என்பது, ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் தினமும் நேரில் போய்ப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று புத்தகத்தில் எழுதிவிட்டு வருகிற வேலை. பாலம், பம்ப், டவர் என்று எதையாவது காவல் காத்து, "சும்மாதானே இருக்கீங்க" என்று வீட்டிலும் வெளியிலும் வாங்கிக் கட்டிக்கொள்கிற சகோதரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

என் அணை நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிறது. கல்லோ கொங்கிரீட்டோ கிடையாது, வெறும் மண்ணைக் கொட்டி இறுக்கிய கரை. கரைக்கு நேர் கீழே இரண்டு லயம், தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். இரண்டாவது லயத்தில் கடைசிக் காம்பரா என்னுடையது. மனைவியும் மகளும் அங்கே இருக்கும்போது நான் வேலை நேரத்தில் தூங்குவேனா? தூங்குகிறேன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

சட்டி

இது வெள்ளத்தைத் தடுக்கிற அணை. மலையிலிருந்து ஒரேயடியாக இறங்குகிற தண்ணீரைப் பிடித்து, அடியில் உள்ள குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வெள்ளம் வந்தால் இடம் வேண்டுமே, அதனால் மற்ற நாட்களில் காலியாகத்தான் கிடக்க வேண்டும். குழாய் வாய்க்குக் கீழே ஒரு முழம் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். இதை நான் விளக்காத ஆள் இந்தத் தோட்டத்தில் இல்லை. புரிந்துகொண்ட ஆளும் இல்லை.

பண்டாரவளையிலிருந்து வேனில் துணி கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் நானா ஒருவர், கரையில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கும் குழாயில் தொடங்கி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் என் தோளில் கை வைத்துக் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, இவ்வளவு பெரிய சட்டிய வச்சிக்கிட்டு ஒண்ணுமே ஆக்கலியா?"

நிழல்

மண்கரையில் புல் மட்டும்தான் வளரலாம். மரம் வைத்தால் வேர் உள்ளே போகும், வேர் செத்தால் ஓட்டை விழும், ஓட்டையில் தண்ணீர் நுழைந்தால் கதை முடிந்தது. எனவே நான் கரையில் ஒரு செடியைப் பார்த்தால் பாம்பைப் பார்த்த மாதிரி பாய்வேன்.

ஒரு நாள் கரையின் நடு உச்சியில் பட்டர்ஃபுரூட் கன்று ஒன்று, சுற்றிலும் முள்வேலி, அடியில் சாணம், சகல மரியாதைகளுடன் நின்றது. வைத்தவர் மாரிமுத்து கங்காணி. வேலையை விட்டுப் பல வருஷமாகியும் ஊரை மேய்க்கிற பழக்கம் அவரை விடவில்லை. அவர் கண்ணெதிரிலேயே பிடுங்கினேன். கோபப்படுவார் என்று பார்த்தால், முகம் வாடிப்போய்ச் சொன்னார்: "வெயில்ல கெடந்து தூங்குறியேன்னு ஒனக்காகத்தான்டா வச்சேன்."

விசில்

ஆபத்து வந்தால் சனங்களை எழுப்ப எனக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். அதை ஊதினால் எல்லோரும் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். ஒத்திகைக்கு முதல் நாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் "சரிங்க, சரிங்க" என்றார்கள். அந்தச் 'சரிங்க'விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கரையில் நின்று மூச்சைக் கட்டி ஊதினேன். லயத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. பெண்கள் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆனால் மேலே போகவில்லை. கீழே இறங்கி, தினமும் காலையில் அரை நாள் கூலிக்கு அரைப் பேர், முழு நாளுக்கு முழுப் பேர் என்று வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். அணை உடைந்தால் தண்ணீர் முதலில் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

நான் தலையில் அடித்துக்கொண்டு கீழே ஓடினேன். "வெள்ளம் வருதுன்னு அர்த்தம்! மேலே ஏறுங்க!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற புஷ்பம் அக்கா, பக்கத்துக் காம்பராக்காரி, கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "வெள்ளம் வரட்டும் தம்பி. இன்னைக்கு அரைப் பேரா முழுப் பேரா, அத மொதல்ல சொல்லுங்க."

ஆத்தா

கரையின் அடிவாரத்தில், கீழ்ப்பக்கம், விரல் பருமனுக்குத் தண்ணீர் கசியும். மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கினால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று பதுளையிலிருந்து வருகிற இன்ஜினியர் சொல்லித் தந்திருந்தார். நான் அதைத் தினமும் பார்ப்பதாகத்தான் பெயர். உண்மையைச் சொன்னால், மேலே கரையில் நின்றபடி எட்டிப் பார்த்து "கசிவு தெளிவு" என்று எழுதிவிடுவேன். இறங்கி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், அந்தக் கசிவுக்குப் பக்கத்தில் ஒரு கல், கல்லில் மஞ்சள், மேலே சூடம். மலையைப் பிளந்துகொண்டு ஆத்தா ஊற்றாக வந்திருக்கிறாளாம். புஷ்பம் அக்கா தலைமையில் பெண்கள் தினமும் விடிந்ததும் ஒரு செம்பு பிடித்துக்கொண்டு போனார்கள். அதுவரை பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சீமெந்து மூட்டையோடு வந்தார்கள், ஆத்தாவைச் சுற்றித் தொட்டி கட்ட!

எனக்கு உயிரே போய்விட்டது. கசிவை அடைத்தால் உள்ளே தண்ணீர் முட்டும். "அக்கா, இது ஆத்தா இல்ல, அணை கசியுது. தெளிவா வந்தா பயமில்ல, கலங்கினா மேட்டுக்கு ஓடணும். இங்க மூடினா அது வேற எடத்தால வெளிய வரும்" என்று கெஞ்சினேன். கடைசியில் சீமெந்து வேண்டாம், சுற்றிலும் சல்லி போட்டுக்கொள்ளலாம் என்று உடன்பாடானது. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு புஷ்பம் அக்கா சொன்னாள்: "இங்க மூடினா அங்க வருவான்னு நீங்களே சொல்றீங்க, அப்ப ஆத்தா இல்லாம வேற யாராம்?"

சாயத் தண்ணி

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அப்படி மழை பெய்தால் யாருக்கும் சோறு இறங்காது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அணை முக்கால்வாசி நிறைந்தது. நான் கரையில் குடையோடு நின்று, அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் என்னைக் கேலி செய்தவர்களெல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது புஷ்பம் அக்கா சேற்றில் வழுக்கி வழுக்கிக் கரையேறி வந்தாள். கையில் செம்பு. "தம்பி, ஆத்தா சாயத் தண்ணி ஊத்துறா, இங்க பாருங்க" என்று நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். பால் விடாத தேத்தண்ணி நிறத்தில், செம்பில் சிவந்த மண் கலங்கலாகச் சுழன்றது. கரை உள்ளே கரைந்துகொண்டிருந்தது. மகளுக்குக் காய்ச்சல், மனைவி அவளோடு காம்பராவில் இருந்தாள். விசிலை வாயில் வைத்தால் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

நல்லவேளை, என் விசிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. "ஆத்தா கலங்கிட்டா, பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க!" என்று மற்றப் பெண்கள் ஏற்கனவே காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டியிருந்தார்கள். கூடையில்லை, சாக்கில்லை, ஒரு கேள்வியில்லை. போர்வையில் சுற்றிய என் மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி மேட்டில் ஏறுவதைக் கரையிலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "மண்ணைப் போட்டு அடைக்காதே, முதலில் மணல், அதன் மேல் சல்லி, தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது" என்றார். ஆத்தாவுக்குக் கோயில் கட்டவென்று பெண்கள் சேர்த்து வைத்திருந்த மணல் முழுவதையும் ஆண்கள் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பகல் சாய்வதற்குள் மழை விட்டது, குழாய் வழியாக அணையும் இறங்கியது, கசிவு தெளிந்தது.

பாதை சரிந்திருந்ததால் இன்ஜினியர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சரியான நேரத்தில் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் என் நாக்கு புரளத்தான் பார்த்தது. பிறகு புஷ்பம் அக்காவைக் காட்டினேன். அவர் அவளிடம், இனிமேலும் தினமும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கீழ நாங்க பாத்துக்கிறோம் சார், இவர மேல நடக்கச் சொல்லுங்க, ஒடம்புக்கு நல்லது."

இப்போதெல்லாம் "கசிவு தெளிவு" என்று எழுதுவதற்கு முன்னால் நான் புஷ்பம் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், இதை மட்டும் யாரும் பதுளையில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.