பெரியம்மாவின் படம் ஒட்டிய சுருட்டுப் பெட்டி

என் பெரியம்மா பயணிகள் கப்பல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். கப்பலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், ஆவிக்கும் ஈரத்துணிக்கும் நடுவே இளமையைக் கழித்தாள். மேல்தளத்துக்காரர்கள் கழற்றிப் போடும் கோட்டுகள் சுருட்டு வாசத்தோடு கீழே இறங்கி வரும். அப்படி வந்த ஒரு கோட்டால்தான் இத்தனையும்.

கோட்டுப் பையில் வைத்த கியூபா சுருட்டைக் காணோம் என்று ஒரு பயணி புகார் கொடுத்தார். பெரியம்மாவை நிற்கவைத்துப் படுக்கையைப் புரட்டினார்கள், பெட்டியைக் கொட்டினார்கள், உள்ளாடை வரை உதறிப் பார்த்தார்கள். மறுநாள் சுருட்டு அவருடைய வேறொரு கோட்டிலேயே கிடைத்தது. மன்னித்துக்கொள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

கப்பல் ஹவானாவில் நின்றபோது பெரியம்மா நேராக ஒரு சுருட்டுக் கடைக்குப் போனாள். சம்பளப் பணத்தில் முத்திரை உடையாத பெட்டி ஒன்றை வாங்கினாள். கடை வாசலில் அதை மார்போடு அணைத்து நின்று, கூட வந்த தோழியைப் படம் எடுக்கச் சொன்னாள். திருடி என்று இனி எவனாவது சொன்னால் முகத்தில் அடிக்க ஒரு சாட்சி வேண்டுமாம்.

வீம்புக்கு வாங்கியது ஆசையாக மாறிவிட்டது. எந்த அளவுச் சுருட்டைத் தொழிற்சாலை நிறுத்தப்போகிறது, எது இனி கிடைக்காது என்றெல்லாம் விசாரித்து வாங்க ஆரம்பித்தாள். மணிக்கட்டு வலி தாங்காமல் வேலையை விட்டு வந்தபோது நகை இல்லை, புடவை இல்லை, பெட்டிகள்தான் இருந்தன. சுருட்டு காய்ந்துபோகாமல் இருக்க, ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் தேவதாருப் பலகை அடித்து, ஈரப்பதம் காட்டும் முள் ஒன்றையும் பொருத்தி, அவற்றை அடுக்கினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் தண்ணீர் எடுக்கிறேன் என்று அதைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஒன்றைக்கூட அவள் விற்றதில்லை. கடையில் தவிர வேறு யாரிடமும் வாங்கியதும் இல்லை. "கடைக்காரன் கையில இருந்து என் கைக்கு வந்தது. நடுவுல இன்னொரு கை வந்துட்டா அது எங்க சுத்திட்டு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் கையில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதானே இது? ஏம்மா, இந்த வயசுல இப்படி ஒரு பொழப்பா?"

பெட்டிக்குள் ஒரு அட்டை. அதில் ஹவானா கடை வாசலில் பெட்டியை அணைத்து நிற்கும் பெரியம்மா. இது இந்தப் பெண்மணி கப்பலில் வேலை பார்த்த காலத்தில் தன் கையால் வாங்கிப் பாதுகாத்த அரிய சுருட்டு என்று கீழே அச்சடித்திருந்தது.

"பெட்டிக்கு அடியில மாசமும் வருஷமும் குத்தியிருக்கு பாருங்க. நீங்க கப்பலை விட்டதுக்கு அப்புறம் வந்த பெட்டி இது. உங்க பழைய கம்பெனியில கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒண்ணைப் பிரிச்சும் பார்த்தாச்சு. உள்ள முழு இலையே இல்ல, வெறும் தூள். என்னை என்ன இளிச்சவாயன்னு நினைச்சீங்களா?"

பெரியம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள்.

"இதுதான் நான் வாங்கினது. எண்ணிக்கை குறையல. நீங்க கொண்டு வந்ததை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். எங்க வாங்குனீங்க?"

அவர் கடைவீதியில் புதிதாக வந்த சுருட்டுக் கடையைச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் படம் ஆல்பத்தில் இருந்த ஒரே பிரதி. பிறந்த நாளுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று மாமாதான் கேட்டு வாங்கிப் போயிருந்தார். மாமா என்றால் பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே தம்பி. பெரியம்மா கப்பலில் துணி வெளுத்துப் படிக்கவைத்த தம்பி.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது மாமா சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா டிவியின் வயரைப் பிடுங்கினாள்.

"படம் எங்கடா?"

மாமா மழுப்பினார். பிறகு கடைக்காரர் தன் சிநேகிதர் என்றார். பிறகு அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"இப்ப என்னக்கா ஆச்சு? உன் பெட்டியில ஒண்ணையாவது தொட்டேனா? சும்மா கிடந்த போட்டோ. கதையைத்தானே குடுத்தேன்? கதையில என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?"

"சும்மா கிடந்துச்சா? என்னைத் துணியோட துணியா உதறினாங்கடா அந்தக் கப்பல்ல. திருடி இல்லைன்னு காட்ட எடுத்த படம் அது. அதை வச்சே என்னைத் திருடி ஆக்கிட்டியே!"

பெரியம்மா சோபாவை ஓர் உதை உதைத்துவிட்டு வெளியே வந்தாள். கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. ஆட்டோவில் ரத்தத்தைத் துடைக்கப்போன என் கையையும் தட்டிவிட்டாள்.

சுருட்டுக் கடையில் ஏசி ஓடியது. சுவர் நிறைய பெரியம்மா, ஆளுயரப் படம். கடைக்காரர் பதறவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மா, நீங்களே வந்துட்டீங்க! வாங்குறவங்க புகைக்கா காசு குடுக்கிறாங்க? யாரு வச்சிருந்தது, எங்கிருந்து வந்ததுன்னு சொன்னாத்தான் பர்ஸைத் திறக்கிறாங்க. வாரத்துல ஒரு நாள் இங்க வந்து உட்காருங்க, போதும். உங்களை ராணி மாதிரி பார்த்துக்கிறேன்."

பெரியம்மா நாற்காலியை எடுத்தாள். உட்காருவதற்கு என்று அவர் நினைத்திருப்பார். அதன் மேல் ஏறி நின்று, தன் படத்தைத் தலையிலிருந்து கால்வரை கிழித்து இறக்கினாள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ராணியை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று படியிறங்கினாள்.

ஊரில் சுருட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு மருந்துக்கடைக்காரரே எங்களை அழைத்துப் போனார். பெரியம்மா எழுந்து நின்று, தம்பி கடைக்காரருக்குக் கொடுத்த தன் படத்தோடு வரும் பெட்டி எதுவும் தன்னுடையதல்ல, அத்தனையும் போலி என்றாள். ஹாலில் சலசலப்பு. பாதிப்பேர் அந்தக் கடையில் வாங்கியிருந்தார்கள். ஏமாற்றியவன் மேல் வரவேண்டிய எரிச்சல் சொன்னவள் மேல் திரும்பியது.

"அப்ப உங்க வீட்ல இருக்கிறது மட்டும் அசல்னு எப்படி நம்புறது?" என்றார் முன்வரிசையில் இருந்த வக்கீல். "தம்பிக்கும் அக்காவுக்கும் பங்குத் தகராறா இருக்கலாம். ஒரு பெட்டியைக் கொண்டு வாங்க, இங்கேயே ஒரு சுருட்டை வெட்டிப் பார்த்துடலாம்."

சிலர் தலையாட்டினார்கள். வெட்டிக் காட்டுங்கள், வாய் அடைத்துப்போகட்டும் என்று நானே அவள் காதில் சொன்னேன்.

"முடியாது" என்றாள் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு என் பெட்டியைக் கொட்டிக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். இனி ஒருத்தனுக்கும் காட்ட மாட்டேன். நம்பினா நம்புங்க, இல்லைன்னா அந்தத் தூளையே ஊதிட்டுக் கிடங்க."

கடை கொஞ்ச நாளில் பூட்டப்பட்டது. வேறு ஊரில் வேறு பெயரில் திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அட்டைகள் மட்டும் நிற்கவில்லை. எங்கிருந்தோ யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். "படத்துல இருக்கிறது நான்தான். பெட்டி என்னுது இல்ல" என்று பெரியம்மா திருப்பித் திட்டுவாள். சங்கத்துக்காரர்கள் அவளுடைய சேகரிப்பைப் பற்றிப் பேசும்போது ஓரமாகச் சிரிக்கிறார்களாம். அசல் பெட்டிகள் அத்தனையின் மேலும் இன்று சந்தேகம் விழுந்து கிடக்கிறது. தம்பி தன்னிடமிருந்து உண்மையில் எடுத்துக்கொண்டது அந்த நம்பிக்கையைத்தான் என்று அவள் சொல்வாள்.

மழைக்காலம் முடிந்தபின் மாமா ஒருநாள் மூலப் படத்தோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. "அக்கா, தெரியாம பண்ணிட்டேன்" என்றார். பெரியம்மா படத்தை வாங்கி, பின்புறம் திருப்பி, கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் பண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மாமா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடலாமா என்று நான் ஜாடையில் கேட்டேன். பெரியம்மா என்னை முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன். அதன் பிறகு அவள் ஃபிரிட்ஜைத் திறந்து, ஈரப்பத முள்ளைப் பார்த்து, கையில் கிடைத்த பெட்டியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள்.