தூக்குமேடை இல்லாத நாடகம்

சென்ற ஆண்டு எங்கள் தெரு நூலகத்தின் சுதந்திர தின விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். எல்லோரும் தடியடியும் தூக்குமேடையும் எதிர்பார்த்திருக்க, அவள் தேசிய இயக்கத்தின் ஆரம்ப ஆண்டுகளை எழுதிக் கொண்டுவந்தாள். கோட்டும் தலைப்பாகையுமாக வக்கீல்கள் கூடுகிறார்கள். மகாராணியை வாழ்த்துகிறார்கள். வரியைக் குறைக்கும்படி பணிவோடு மனுக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம்.

நடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் ஒத்திகையிலேயே முகம் சுருங்கிவிட்டது. மின்சார இலாகாவில் வேலை பார்த்தவர், இடிக்குரல். தூக்கில் தொங்குவதற்கென்றே மீசை வளர்த்திருந்தார்.

"டீச்சரே, நான் எப்பம் சாவணும்?"

"நீங்க சாவாண்டாம் அண்ணாச்சி. மனு வாசிச்சாப் போரும்."

"வெள்ளைக்காரனுக்கு ஒரு அடியாவது குடுக்கலாமா?"

"அதெல்லாம் பொறவு வந்தவங்க பாடு. நாடு பூரா உள்ள ஆளுவள ஒரே பந்தல்ல உக்கார வச்சாங்கல்லா, அந்தக் காலத்துல அதுவே பெரிய காரியம்."

அந்த வெள்ளைக்காரன் நான்தான். எவ்வளவு பவுடர் அப்பியும் என் நிறம் பிடிகொடுக்கவில்லை. மனைவி சற்றுநேரம் பார்த்துவிட்டு மேடை விளக்கைக் குறைக்கச் சொன்னாள். எனக்கு ஒரே ஒரு வசனம்: "பரிசீலிக்கப்படும்."

விழாவன்று முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உள்ளாட்சி அதிகாரி ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் "மேன்மை தங்கிய துரை அவர்களே" என்று கம்பீரமாகத் தொடங்கினார். அதோடு எல்லாம் மறந்துபோயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வசனத்தை எடுத்துக் கொடுத்தும் அவர் காதில் விழவில்லை. திருதிருவென்று விழித்தவர், சட்டென்று என்னை விட்டுவிட்டு முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"எங்க தெரு சாக்கடை ஓடைக்கு மூடி கெடையாது. மழ பெஞ்சா ரோடு எது, ஓடை எதுன்னு தெரியல்ல. எழுதிக் குடுத்தும் ஆரும் வரல்ல. பணிவா கேக்கோம்."

கூட்டம் கைதட்டியது. அதிகாரி சிரித்தபடி எழுந்து, "பரிசீலிக்கிறோம்" என்றார். என்னிடம் இருந்த ஒரே வசனமும் போயிற்று. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"தூக்குமேடைல ஏறுகது லேசு ஓய்," என்றார் என்னிடம். "நேர்ல நின்னு பணிவா கேக்கதுதான் பாடு."

மனைவி அவருக்கு விசிறிவிட்டாள். வசனத்தை மறந்ததற்காகத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை.

மூன்று மாதம் பக்கத்து வீட்டுக்காரர் விடாமல் அலைந்த பிறகு ஓடைக்கு மூடியாக சிமெண்டுப் பலகைகள் போட்டார்கள். மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன, ஆட்டோ ஏறினால் தடதடவென்று சத்தம். போன வாரம் அதற்கும் ஒரு மனு தயாராயிற்று. எழுதியது மனைவி. தெருக்காரர்கள் எல்லோரையும் எங்கள் முற்றத்தில் உட்காரவைத்து, இடிக்குரலில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார் அவர். நான் காப்பி கொடுத்தேன்.