பேர் வைத்தும் அடங்காத சிவப்பு

சனோபர் நிம்மதியாகத் தூங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. மகள் ஷஹ்லோ பிறந்தபோது முகத்தில் ஒரு புள்ளி இல்லை. இரண்டு வாரம் கழித்து வலது இமைமேல் கொசு கடித்தாற்போல ஒரு சிவப்பு எழும்பியது. பிறகு அது முசுக்கொட்டைப் பழம்போல உப்பியது. பக்கத்து வீட்டுக்காரி தெருமுனையில் சொன்னபோது அது தக்காளி ஆகியிருந்தது. கூஸார் சந்தையை எட்டுவதற்குள் தர்பூசணியாகி, அதைச் சுமக்கக் குழந்தைக்கு ஒரு கழுதையே வாங்கிவிட்டார்களாம்.

சிவப்பு மச்சத்துக்கு அங்கே ‘நோர்’ என்று பேர்; அது உள்ள பிள்ளைக்கு அதையே சேர்த்துப் பேர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தன்னை மதித்துப் பேரே வைத்துவிட்டார்கள் என்று மச்சம் அடங்கிப் போகுமாம். அவசரப்பட்டு வேறு பேர் வைத்ததால்தான் இந்தக் கோபம் என்றாள் மாமியார் ரோஹத். ஆடு அறுத்து, புலாவ் போட்டு, முல்லாவை அழைத்துக் குழந்தையின் காதில் ‘நோர்குல்’ என்று சொல்ல வைத்தாள். ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்த மகனும் போனிலேயே தலையாட்டினான். எல்லோரும் காத்திருந்தார்கள். சனோபரும்தான். மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

மச்சம் மரியாதைக்கு மசியவில்லை. ஒரு காலையில் குழந்தை இடது கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தது. வலது இமை திறக்கவே இல்லை. சனோபர் தொட்டிலோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பிள்ளையை வாரிக்கொண்டு கர்ஷி நகரத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள். தனியே விட மனமில்லாமல் ரோஹத்தும் ஏறிக்கொண்டாள்.

அங்கே குழந்தைகள் டாக்டரின் பேர் நோர்மத். அதைக் கேட்டதுமே ரோஹத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“உங்களுக்கும் மச்சம் இருந்துச்சா தம்பி? பேர் வச்சதும் போயிடுச்சுல்ல? இவ காதுல விழுற மாதிரி சொல்லுங்க.”

டாக்டர் சட்டைக் கழுத்தை விலக்கினார். காதுக்குக் கீழே தொடங்கி மார்புவரை, திராட்சைச் சாறு கொட்டினாற்போலப் படர்ந்திருந்தது.

“பொறந்ததுலேருந்து எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தாம்மா கூப்பிடுறாங்க. இதுக்குத்தான் காது கேக்கல.”

தன்னுடையது போகாத வகை, குழந்தையுடையது சில வருஷத்தில் தானாகவே வாடும் வகை என்றார். “ஆனா கண்ணு அதுவரைக்கும் காத்திருக்காது. மூடியே கெடந்தா பாக்கப் பழகாது. இன்னிக்கே ஆரம்பிச்சிடணும்.”

இதய நோய்க்காரர்களுக்குக் கொடுக்கிற மருந்தையே குழந்தையின் எடைக்கு அளந்து, அங்கேயே தங்கவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறையப் பால் குடித்த பிறகுதான் கொடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். குழந்தையோ மருந்து வேளை வந்தால்தான் பால் வேண்டாம் என்று அடம்பிடிக்கும். வீடு திரும்பியபின் சனோபரின் பகலெல்லாம் அந்தச் சின்ன வாயோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது.

வாரங்கள் போகப்போகச் சிவப்பு மங்கி, இமை தளர்ந்தது. ஒரு மத்தியானம், கீற்றாகத் திறந்த வலது கண் சனோபரின் விரல் போன பக்கமெல்லாம் கூடவே போனது. பேர் இப்போதுதான் வேலை செய்கிறது என்றாள் ரோஹத். சனோபர் பிள்ளையைத் தூக்கி அவளிடம் நீட்டினாள்.

“பால் குடிச்சாச்சு, மருந்தும் குடுத்தாச்சு அத்தை. கொஞ்சம் புடிங்க.”

பிள்ளையை அவள் மடியில் கிடத்திவிட்டு இருந்த இடத்திலேயே சாய்ந்தாள். ரோஹத் அடுத்த பேச்சைத் தொடங்குமுன் குறட்டை கேட்டது.